பேராக் அரும்பொருளகமும் பால்வெட்டு உளியும்



அரும்பொருளகம் என்றதும் நம் மனத்தில் எழும் காட்சி என்ன? பெரிய மாளிகை, கண்ணாடிப் பெட்டிகள், அவற்றுள் அரசரின் வாள், பொன்னணி, பட்டாடை. ‘தொடாதீர்’ என்று ஒரு பலகை. அது படித்தவர்களும் பணக்காரர்களும் சென்று பார்க்கும் இடம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அரும்பொருளகம் என்பது ஒரு நாட்டின் நினைவுப் பெட்டகம். எதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சமுதாயம் எண்ணுகிறதோ, அதையே அங்கே சேர்த்து வைக்கிறது. எவருடைய பொருள் அங்கே இருக்கிறது, எவருடைய பொருள் இல்லை என்பதை உற்று நோக்கினால் வரலாற்றைப் பற்றிய ஓர் உண்மை நமக்குப் புலப்படும். அந்த உண்மையை நம் பேராக் மாநிலத்தின் கதையைக் கொண்டே இன்று ஆராய்வோம்.

மலேசியாவின் மிகப் பழைய அரும்பொருளகம் எங்கே இருக்கிறது தெரியுமா? கோலாலம்பூரில் அன்று, நமது தைப்பிங் நகரில்தான். சிறைச்சாலைக்கு எதிரே நிற்கும் பேராக் அரும்பொருளகம் 1883-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. கோலாலம்பூர்த் தேசிய அரும்பொருளகம் திறக்கப்பட்டது 1963-ஆம் ஆண்டில். அதற்கு 80 ஆண்டுகள் மூத்தது தைப்பிங் அரும்பொருளகம். இதை நிறுவியவர் அக்காலத்தில் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ. முதல் காப்பாளராக இருந்தவர் லெனார்ட் ரே. பாடம் செய்யப்பட்ட காட்டு விலங்குகள், பறவைகள், மலாய் மக்களின் ஆயுதங்கள், காட்டில் வாழும் பூர்வகுடி மக்களின் ஊதுகுழல் அம்புகள் என்று பலவும் அங்கே சேர்க்கப்பட்டன.

இதே ஹியூ லோவுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. அது நம் குடும்பங்கள் ஒவ்வொன்றின் வாழ்க்கையோடும் பிணைந்தது. 1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்பவர் தென்னமெரிக்காவின் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அங்குள்ள கியூ தாவரத் தோட்டத்தில் அவை விதைக்கப்பட்டன. முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. 1877-ஆம் ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் 9 கன்றுகள் கோலகங்சாருக்குக் கொண்டுவரப்பட்டு, ஹியூ லோவின் மாளிகைத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தப் பழைய மரங்களுள் ஒன்று கோலகங்சாரில் வேலியும் பெயர்ப்பலகையும் இட்டுப் பாதுகாக்கப்பட்டு வந்துள்ளது.

ஆக, ஒரே மனிதர் ஆறு ஆண்டு இடைவெளியில் பேராக்கில் இரண்டு செயல்களைத் தொடங்கி வைத்தார். ஒன்று பால்மரம். மற்றொன்று அரும்பொருளகம். பால்மரம் நம் முன்னோரைக் கடல் கடந்து இங்கே வரவழைத்தது. ஆனால் அப்படி வந்தவர்களின் வாழ்க்கைப் பொருள்களைத் தேடிச் சேர்க்க வேண்டும் என்று அக்காலத்தில் எவரும் எண்ணவில்லை. மரத்துக்குப் பெயர்ப்பலகை உண்டு. அந்த மரத்தை வெட்டிப் பால் எடுத்த கைகளுக்கு இல்லை.

இதை மிகைப்படுத்திச் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். தெலுக் இந்தான் பக்கத்தில், அந்நாளில் தெலுக் ஆன்சன் என்று வழங்கிய ஊருக்கு அருகே, 1894-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் ஒரு காட்டு யானை தன் கூட்டத்தைக் காப்பதற்காக ஓடிவந்த இரயிலை மோதித் தண்டவாளத்திலிருந்து கவிழ்த்துவிட்டது. அந்த யானையும் மாண்டது. அதன் வீரத்தை மெச்சி, புதைத்த இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை நாட்டினார்கள். நல்ல செயல்தான். ஆனால் மலாயாவில் இரயில் பாதைகள் போடக் காடு வெட்டி, மண் சுமந்து, காய்ச்சலில் விழுந்து மாண்ட தொழிலாளர்கள் எத்தனை பேர்! அவர்களுள் நம்மவரும் மிகப் பலர். அவர்கள் புதைந்த இடங்களுக்குப் பலகை நாட்டியவர் யார்? யானையின் பேரில் நமக்குப் பொறாமை இல்லை. நினைவு என்பது தானாக நிலைப்பதில்லை, எவராவது முன்வந்து பலகை நாட்டினால்தான் நிலைக்கும் என்பதற்காகவே இதைச் சொல்லுகிறேன்.

இனி, ஒரு பழம்பொருள் எப்போது பேசும், எப்போது பேசாது என்று காண்போம். இதற்கும் பேராக்கிலேயே இரண்டு சான்றுகள் உள்ளன.

முதலாவது, பீடோரில் கிடைத்த சிலை. 1936-ஆம் ஆண்டு பீடோரில் ஈயம் தோண்டும்போது எட்டுக் கைகளை உடைய வெண்கலச் சிலை ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. அது அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவரின் உருவம். ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்தது என மதிக்கப்படும் அச்சிலை தேசிய அரும்பொருளகத்தின் செல்வங்களுள் ஒன்றாயிற்று. காண்பவர் கண்ணைக் கவரும் வேலைப்பாடு. ஆயினும் அதை வழிபட்டவர் யார், அது நின்ற கோயில் எது, அதைச் செய்வித்தவர் எவர் என்று கேட்டால் அந்தச் சிலை வாய் திறப்பதில்லை. ஈயமணலோடு மணலாக அது வெளிவந்தபோது அதைச் சுற்றியிருந்த கதை முழுதும் கரைந்து போயிருந்தது.

இரண்டாவது, லெங்கோங் பள்ளத்தாக்கில் கிடைத்த ‘பேராக் மனிதன்’. 1991-ஆம் ஆண்டு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் குனுங் ருந்து குகையில் ஒரு மனிதனின் முழு எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். அவன் வாழ்ந்து பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அந்த எலும்புகளை அவர்கள் வாரி அள்ளிப் பெட்டியில் போட்டுவிடவில்லை. எந்த நிலையில் கிடத்தப்பட்டிருக்கிறான், பக்கத்தில் என்னென்ன வைக்கப்பட்டிருக்கின்றன என்று மண்ணைச் சிறிது சிறிதாக விலக்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். அதனால் நமக்குத் தெரிய வந்தவை பல. அவனுக்கு வயது நாற்பதுக்கு மேல். பிறவியிலேயே இடக்கை ஊனமானவன். கால்களை மடக்கிக் குந்தியவாறு கிடத்தி, கல்லாயுதங்களையும் நத்தை ஓடுகளையும் உடன் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். வேட்டையாடி உண்ட அந்தக் காலத்திலேயே கை ஊனமான ஒருவனைக் கைவிடாமல் நாற்பது ஆண்டுக்கு மேல் காப்பாற்றி, இறந்த பிறகும் மரியாதையோடு அடக்கம் செய்த மக்கள் பேராக்கில் வாழ்ந்திருக்கிறார்கள்! எத்தனை பெரிய செய்தி இது! லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

நேயர்களே, சிலை வெண்கலத்தால் ஆனது. ஆனால் ஊமையாய் நிற்கிறது. எலும்பு வெறும் எலும்புதான். ஆனால் ஒரு சமுதாயத்தின் நெஞ்சத்தையே திறந்து காட்டுகிறது. வேறுபாடு எங்கே? பொருளோடு அதன் கதையும் காப்பாற்றப்பட்டதா என்பதில்தான். பொருளின் விலை வேறு, அதன் வரலாற்று மதிப்பு வேறு என்பதை இதிலிருந்து உணர்கிறோம்.

இந்தப் பாடத்தை நம் தோட்டத்துக்குக் கொண்டு வருவோம். பால்வெட்டு உளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்புக்காரனிடம் போட்டால் சில காசுதான் கிடைக்கும். ஆனால் அதைப் பிடித்து வேலை செய்த பாட்டியிடம் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்கு ஓடியது, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நிரை தேடி நடந்தது, வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் இருட்டிலேயே வெட்டத் தொடங்கியது, மரத்தின் உட்கட்டையில் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவக் கை பழகியது, காயம் பட்டால் கங்காணியிடம் ஏச்சு வாங்கியது, மழை பெய்தால் அன்றைய பால் பாழானது, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மனம் அங்கேயே கிடந்தது என்று எத்தனை செய்திகள் வரும்! மரம் சாகாமல் ஆண்டுக்கணக்கில் பால் தர வேண்டுமானால் பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம் என்பது கைக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து கண்டவர் என்று நூல்கள் எழுதுகின்றன. அது சரியே. ஆனால் அந்த முறையை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் பிசகாமல் செய்து காட்டியவர்கள் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும். அந்தக் கைத்திறன் எந்த நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. அது அவர்களோடு மறைந்துகொண்டிருக்கிறது.

பேராக்கில் பல பால்மரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. பல செம்பனைத் தோட்டங்களாயின. சில வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்டத் துண்டாடலால் மக்கள் வீதிக்கு வந்த காலத்தில்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று, 1960-ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்கிய வரலாறு அது. அன்றைய பணம் கட்டிய புத்தகம் ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தால், அதுவும் இந்த நாட்டின் வரலாற்று ஆவணமே.

தோட்டம் கைமாறும்போது என்ன நடக்கிறது? லயம் இடிக்கப்படுகிறது. கோயில் இடம் மாறுகிறது. பள்ளியும் பட்டணத்துக்குப் போகிறது. லாரியில் சாமான் ஏற்றும்போது ‘இந்தப் பழைய குப்பையெல்லாம் எதற்கு?’ என்று சொல்லி உளி, மங்கு, பால் வாளி, காண்டாக் கம்பு, அம்மி, ஆட்டுக்கல், தகரப் பெட்டி யாவும் அங்கேயே விடப்படுகின்றன. இவற்றோடு பழைய காகிதங்களும் போய்விடுகின்றன. இது வெறும் பழமைப் பற்றாகப் பேசப்படுவதன்று. பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடியுரிமை பெறுவதற்குச் சான்று காட்ட முடியாமல் அலைந்த தோட்டக் குடும்பங்களை நாம் அறிவோம். தாத்தாவின் கப்பல் பயணச் சீட்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் போன்றவை, ஒரு குடும்பம் இந்த மண்ணில் எத்தனை தலைமுறையாக உழைத்து வருகிறது என்பதற்குச் சாட்சிகள். அவற்றைத் தீயிலிட்டால் நம் சாட்சியை நாமே எரிப்பதாகும்.

இப்படித் தங்கள் வரலாற்றைத் தாங்களே காப்பாற்றிக்கொண்ட மக்கள் உண்டா? உண்டு. முதலில் நம் ஈப்போவையே பாருங்கள். ஈயச் சுரங்கத் தொழிலில் ஈடுபட்ட ஹக்கா சீனர்களுக்கு ‘ஹான் சின் பெட் சூ’ என்னும் மன்றம் 1893-ஆம் ஆண்டிலிருந்து இருந்தது. அந்த மன்றத்தின் கட்டடம் 2015-ஆம் ஆண்டு அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது. சுரங்கக்காரர்கள் எப்படி வேலை செய்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், ஓய்வு நேரத்தில் என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் அங்கே காட்டினார்கள். தஞ்சோங் துவாலாங்கில் 1938-ஆம் ஆண்டு கட்டப்பட்டு 1982-ஆம் ஆண்டு வரை ஈயம் வாரிய மிதவைக் கப்பலையும் பழைய இரும்பாக்கி விற்றுவிடாமல் மக்கள் பார்க்கும்படி வைத்தார்கள். ஈயத் தொழில் மறைந்தது. ஈயத் தொழிலின் நினைவு மறையவில்லை.

அடுத்து, கடலுக்கு அப்பால் நம் சகோதரர்கள் வாழும் இலங்கை மலையகம். அங்கே கம்பளைக்கு அருகே, பழைய பீகாக் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகளையே 2007-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகமாக ஆக்கினார்கள். துரையின் பங்களாவையன்று, லயத்தையே அரும்பொருளகமாக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்தச் சிறிய அறையும், தாழ்ந்த கூரையும், அடுப்படியும், சட்டி பானையும், வேலைக் கருவிகளுமே காட்சிப் பொருள்கள். உள்ளே நுழைகிறவன் ஒரு குடும்பம் இவ்வளவு இடத்தில் எப்படி வாழ்ந்தது என்பதைத் தன் உடம்பாலேயே உணர்கிறான். ஆயிரம் பக்கம் எழுதினாலும் வராத அறிவு அது.

இன்னும் தொலைவில் சுவிட்சர்லாந்து நாட்டைப் பாருங்கள். இன்று அது செல்வம் மிக்க நாடு. ஆனால் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அந்நாட்டு மக்களின் பழைய கண்ணாடி ஓவியங்களும் மரவேலைப் பொருள்களும் வணிகர்கள் கையில் சிக்கி வெளிநாடுகளுக்கு விலைபோயின. வீட்டுக்காரனுக்கு அது பழம்பொருள், வணிகனுக்கு அது பணம். இதைக் கண்டு விழித்துக்கொண்ட அறிஞர்களும் அரசும் முயன்று, சூரிக் நகரில் தேசிய அரும்பொருளகத்தை 1898-ஆம் ஆண்டு திறந்தார்கள். பின்னர் 1978-ஆம் ஆண்டு பாலன்பெர்க் என்னுமிடத்தில் திறந்தவெளி அரும்பொருளகம் ஒன்றையும் அமைத்தார்கள். நாட்டின் பல பகுதிகளிலும் இடிக்கப்பட இருந்த குடியானவர் வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, மறுபடியும் பூட்டி நிறுத்தினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அங்கே நிற்கின்றன. கூடை முடைவதும், ரொட்டி சுடுவதும், பாலாடைக்கட்டி செய்வதும் பார்வையாளர் முன்னால் செய்து காட்டப்படுகின்றன. உழவனின் மாட்டுக்கொட்டகையையும் நாட்டின் செல்வமாக மதித்தவர்கள் அவர்கள். மாட்டுக்கொட்டகைக்கு அந்தப் பெருமை உண்டென்றால் நம் பால் கொட்டகைக்கும் லயத்துக்கும் இல்லையா?

‘எங்களால் மாளிகை கட்ட முடியுமா, ஆசிரியரே?’ என்று நீங்கள் கேட்கலாம். மாளிகை பிறகு வரட்டும். அலமாரி ஒன்று போதும். என் பள்ளியில் ஒரு முறை பிள்ளைகளிடம், வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைக் கொண்டு வாருங்கள், ஆனால் அதன் கதையைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும் என்று சொன்னேன். மங்கு, உளி, உலக்கைப் பூண், பழைய நெற்றி விளக்கு என்று பலவும் வந்தன. பொருளைவிட வியப்பூட்டியது பிள்ளைகளின் பேச்சு. எப்போதும் வாய் திறக்காத ஒரு மாணவன், தன் பாட்டி அந்த உளியை எப்படித் தீட்டுவார் என்பதைப் பத்து நிமிடம் நின்று விளக்கினான். வரலாறு பாடநூலில் மட்டும் இல்லை, தன் வீட்டிலும் இருக்கிறது என்று அவனுக்கு அன்று தெரிந்தது.

இவ்வேலையை நீங்களும் செய்யலாம். சில எளிய முறைகளைச் சொல்லுகிறேன்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். இது என்ன, யாருடையது, எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டுகளில், எதற்குப் பயன்பட்டது? இந்த ஐந்துக்கும் விடை எழுதிப் பொருளோடு கட்டி வையுங்கள். சீட்டு இல்லாத பொருள் பீடோர்ச் சிலையைப் போல ஊமையாகிவிடும்.

இரும்புப் பொருளுக்குச் சாயம் பூசாதீர்கள். தண்ணீரில் கழுவாமல் உலர்ந்த துணியால் துடைத்து, மிக இலேசாக எண்ணெய் தடவி ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். தேய்ந்த கைப்பிடியைப் புதிதாக மாற்றாதீர்கள். அந்தத் தேய்மானமே உழைப்பின் கையெழுத்து.

பழைய காகிதங்களை ஒட்டுநாடா கொண்டு ஒட்டுவதும், பிளாஸ்டிக் உறையில் சூடேற்றி மூடுவதும் கூடாது. நாளடைவில் அவை காகிதத்தைக் கெடுத்துவிடும். வெயிலும் கறையானும் அண்டாத இடத்தில் தனி உறையில் வைத்து, நகல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். படங்களின் பின்புறம் பென்சிலால் மெதுவாகப் பெயர்களை எழுதுங்கள். கல்யாணப் படத்தில் நிற்கும் பதினைந்து பேரில் இன்று எத்தனை பேரை உங்களால் சொல்ல முடியும்? சொல்லக்கூடிய பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று அரிது. தாத்தா பாட்டியின் பேச்சை அதில் பதிவு செய்யுங்கள். சயாம் இரயில் பாதைக்குப் போனவர்களைப் பற்றித் தங்கள் பெற்றோர் சொன்னது, தோட்டத்துத் திருவிழா, கூத்து, வேலைநிறுத்தம், வெள்ளம், எதுவானாலும் கேளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுச் சலிப்படையச் செய்யாதீர்கள். நாளுக்கு ஒரு செய்தி போதும்.

விடுமுறை நாளில் குடும்பத்தோடு அரும்பொருளகத்துக்குச் செல்லுங்கள். ஈப்போவிலிருந்து இரயிலேறினால் சுங்கை சிப்புட், கோலகங்சார் வழியாகத் தைப்பிங்கை அடையலாம். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே ஓடி ஓடிப் பார்க்காமல், பத்துப் பொருள்களை நின்று பாருங்கள். பிள்ளைகளை மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். இதைச் செய்தவர் யார்? இதைப் பயன்படுத்தியவர் யார்? இதை இங்கே கொண்டுவந்து வைத்தவர் யார்? இம்மூன்றையும் கேட்கப் பழகிய பிள்ளை, காட்டப்பட்டதை மட்டும் பாராது; காட்டப்படாததையும் தேடத் தொடங்கும்.

நேயர்களே, முற்காலத்தில் வெற்றி பெற்ற மன்னர்கள் கல்வெட்டு வெட்டி வைத்தார்கள். அதனால் அவர்கள் பெயர் நின்றது. நம் முன்னோர் கல்லில் வெட்டவில்லை, மரத்தில் வெட்டினார்கள். அந்த மரங்களும் இன்று பெரும்பாலும் இல்லை. எஞ்சியிருப்பவை சில உளிகளும், சில காகிதங்களும், வயது முதிர்ந்த சிலரின் நினைவுகளும்தான். இவற்றுள் நினைவுகளே மிக விரைவில் மறைபவை. ஆகையால் இந்த வாரத்திலேயே உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு பொருளைக் கொடுத்து, ‘இதைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.